பழைய கணினியை மாற்றலாமா, வைத்துக் கொள்ளலாமா?

முன்கூடத்தின் ஒரு மூலையில், துணி போர்த்திய மேசைக் கணினி ஒன்றை இன்றும் பல வீடுகளில் காணலாம். பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கியது அது. பிள்ளைகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், ஆளுக்கொரு மடிக்கணினியும் கைப்பேசியும் வாங்கிய பிறகு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வந்து சேர்ந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிகளும் மூடப்பட்ட நாட்களில் தூசு தட்டப்பட்டுப் பேரப்பிள்ளைகளின் இணைய வகுப்புக்கும் கை கொடுத்தது. இப்போதோ, அதைத் திறந்துவிட்டுத் தேநீர் கலக்கிக் குடித்து முடித்தாலும் திரை தயாராவதில்லை.

இதை மாற்ற வேண்டுமா? கடைக்காரரைக் கேட்டால் விடை உடனே கிடைக்கும். ஆனால் அது கடைக்காரரின் விடை.

கிள்ளானில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 2012இல் வாங்கிய கணினி. 4 ஜிகாபைட் நினைவகம், 500 ஜிகாபைட் வன்தட்டு. முதலில் விண்டோஸ் 7 இருந்தது. பிறகு மகன் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தார். வங்கிக் கணக்கைப் பார்ப்பது, ஊழியர் சேமநிதி விவரம் பார்ப்பது, கோயில் நிர்வாகத்திற்குக் கடிதம் தட்டச்சு செய்வது என்று அவருடைய தேவைகள் அவ்வளவுதான்.

"இதை இன்னுமா வச்சிருக்கீங்கப்பா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்கிறார் மகன்.

"அதுக்குள்ளதான்யா என் வேலையெல்லாம் இருக்கு" என்கிறார் தந்தை.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மகன் கருவியைப் பற்றிப் பேசுகிறார், தந்தை அதற்குள் இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதால்தான் பல வீடுகளில் இந்த முடிவு ஆண்டுக்கணக்கில் இழுத்துக் கொண்டே போகிறது.

முதலில் மெதுவாக இயங்கும் சங்கதிக்கு வருவோம். வயதாகிவிட்டால் கணினியின் மூளை தளர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். செயலி என்ற அந்தச் சில்லு மனிதரைப் போல மூப்படைவதில்லை. 2012இல் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டதோ, ஏறத்தாழ அதே வேகத்தில் இன்றும் போடும். அதன் மேல் ஏற்றப்படும் சுமைதான் பெருத்துவிட்டது. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் கூடவே படங்களும் காணொளிகளும் விளம்பரங்களும் வந்து இறங்குகின்றன. நாலு பேர் வீட்டில் நாற்பது பேர் விருந்துக்கு வந்தது போலத்தான்.

அடுத்த காரணம் வன்தட்டு. பழைய வன்தட்டுக்குள் உலோகப் பூச்சுள்ள தட்டு ஒன்று நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. தேவையான தகவல் ஊசிக்கு அடியில் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஊசி நகர்வதையும் சேர்த்தால் ஒவ்வொரு தேடலுக்கும் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போய்விடும். கேட்பதற்குச் சொற்பம்தான். ஆனால் விண்டோஸ் கண் விழிக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இப்படித் தேடி எடுக்கிறது. தேநீர் ஆறும் வரை நாம் காத்திருப்பது இதனால்தான். எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் சுழலும் தட்டே கிடையாது. தேடும் நேரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஆகவே, பழைய கணினியில் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால், சில நிமிடங்கள் பிடித்தது அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடுவது சாதாரணமாகக் காணும் மாற்றம். நினைவகத்தை 4இலிருந்து 8 ஜிகாபைட்டாக உயர்த்துவதும் உதவும். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி.யே முதலில்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. திடீரென்று வங்கியின் பக்கம் திறக்காது. "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று எச்சரிக்கை வரும். நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று வீடே பதறும். திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்த்தால் 2012 என்று காட்டும்! தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட வைக்கும் நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வங்கி இணையத்தளத்தின் சான்றிதழ் குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள் வரைதான் செல்லும். கணினியின் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டதால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைத்துக் கொள்கிறது. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இந்தச் சின்னப் பொருளுக்காகக் கணினியையே மாற்றுவது பாவம் அல்லவா?

நம் நாட்டு வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. தூசு, சமையல் எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் சேர்ந்து விசிறியில் பிசுபிசுவென்று படிந்துவிடும். செயலி சூடேறினால் தன்னைக் காத்துக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெட்டியைத் திறந்து மென்தூரிகையால் சுத்தம் செய்தாலே சில கணினிகள் சுறுசுறுப்படைந்துவிடும். அப்போதே தாய்ப்பலகையையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அதற்கு மேல் அந்தப் பெட்டியில் ஒரு காசும் போடக் கூடாது. இடி மின்னலுக்குப் பிறகு தானாக அணைந்து அணைந்து எரியும் கணினிக்கும் இதே தீர்ப்புதான். மின்வழங்கிப் பெட்டியை மாற்றிப் பார்க்கலாம்; தாய்ப்பலகையே அடிபட்டிருந்தால் விட்டுவிடுவது நல்லது.

இவ்வளவும் சரி செய்துவிட்டால் ஆசிரியரின் கணினி ஓடும். ஆனால் ஓடுவது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்தியது. வீட்டுப் பயனீட்டாளர்கள் பதிவு செய்து கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தது. அந்த நாள் வந்தால் கணினி நின்றுவிடாது. வழக்கம் போலத்தான் எரியும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது, அதுதான் வேறுபாடு. பூட்டு பழுதான வீட்டில் எதுவுமே நடக்காமல் பத்து மாதம் குடியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் யாரும் நகையை வைக்க மாட்டார்கள். வங்கிக் கடவுச்சொல்லும் நகைதான்.

விண்டோஸ் 11 போட்டுக் கொள்ளலாமே என்று கேட்கலாம். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். கண்டுபிடிப்பது எளிது. ஐ5-8400 என்று எழுதியிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8தான் தலைமுறை. ஐ5-7400 என்றால் ஏழாம் தலைமுறை, தகுதி இல்லை. ஆசிரியரின் கணினி மூன்றாம் தலைமுறை. சுற்றுவழியில் ஏற்றித் தருகிறேன் என்று சில கடைகளில் சொல்வார்கள். பின்னாளில் மேம்பாடு வராமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரித்திருப்பதால், வங்கி வேலைக்கு அதை நம்பாமல் இருப்பதே நலம்.

லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றிக் கொள்வது மற்றொரு வழி. பழைய இயந்திரத்திலும் ஓடும், பாதுகாப்பு மேம்பாடும் தொடர்ந்து வரும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை ஒருவர் இருந்தால் இது மிக நல்ல வழி. இல்லாவிட்டால், அச்சுப்பொறி வேலை செய்யாத முதல் நாளிலேயே வீட்டில் சண்டை வரும்.

இனி, தந்தை சொன்ன "என் வேலையெல்லாம்" என்பதற்கு வருவோம். நம் சமூகத்திற்கே உரிய ஒரு சிக்கல் இதில் ஒளிந்திருக்கிறது.

மலேசியாவில் தொண்ணூறுகளிலும் 2000ஆம் ஆண்டுகளிலும் கணினியில் தமிழ் எழுதப் பழகிய பலர், முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாகவே பழகினார்கள். சிங்கப்பூரில் 1997இல் நடந்த தமிழ் இணைய மாநாடும், சென்னையில் 1999இல் நடந்த மாநாடும் தமிழ் எழுத்துக் குறியீட்டைப் பற்றிக் காரசாரமாக விவாதித்த காலம் அது. திஸ்கி, டாம், டாப் என்று பல குறியீடுகள் புழங்கின. ஒருங்குறி இன்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது. ஆனால் அன்று தட்டச்சு செய்த கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. திஸ்கியில் எழுதிய நாடகத்தைப் புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால், புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் திரை முழுக்கத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பேரன் அழித்துவிட்டால்? பள்ளி ஆண்டு விழாவுக்கு எழுதிய நாடகங்களும், தோட்டத்திலிருந்து பட்டணம் வந்த குடும்பக் கதையும் அதோடு போயிற்று.

உண்மையில் அந்தக் கோப்பு கெடவே இல்லை. எந்தக் குறியீட்டில் எழுதப்பட்டது என்று தெரிந்தால், மாற்றி மென்பொருள் கொண்டு சில நொடிகளில் ஒருங்குறிக்குக் கொண்டு வரலாம். என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இதற்காகவே வெளிவந்தது. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தோம் என்ற நினைவும், அந்த எழுத்துருவும் பழைய கணினியில்தான் இருக்கின்றன. எனவே அந்த எழுத்துருக்களையும் சேர்த்து நகல் எடுக்க வேண்டும். கணினி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால், சோதனை மென்பொருள் எதையும் ஓட்டிக் கொண்டிருக்கக் கூடாது. முதலில் மிக முக்கியமான கோப்புகளை நகல் எடுக்க வேண்டும், படங்களும் பாடல்களும் பிறகுதான். நகல் ஒன்று போதாது. வீட்டில் ஒன்று, மகன் வீட்டில் ஒன்று என்று இரண்டு இருந்தால் நிம்மதி.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். புதியது வாங்கினால் மின்கட்டணம் குறையும் என்பார்கள். பழைய கணினி 100 வாட், புதிய சிறு கணினி 30 வாட் என்று கொள்வோம். நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் மாதத்தில் 18 யூனிட்டுக்குப் பதில் 5.4 யூனிட். மிச்சம் 12.6 யூனிட். யூனிட் 50 காசு என்று கூட்டியே வைத்தாலும் மாதம் 6 ரிங்கிட் 30 காசு. இதற்காக யாரும் கணினி வாங்க வேண்டியதில்லை.

வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட் வரை உண்டு. கணினி, கைப்பேசி, புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அது தனக்கும், வாழ்க்கைத் துணைக்கும், பிள்ளைக்கும் வாங்கும் பொருளுக்குத்தான். தந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மகன் அந்தக் கழிவைக் கோர முடியாது. பலர் கவனிக்காத நுணுக்கம் இது.

ஆசிரியரைப் போன்றவருக்குப் புத்தம் புதிய, விலை உயர்ந்த கணினி தேவையா? கோலாலம்பூர் லோயாட் பிளாசா போன்ற இடங்களில் அலுவலகங்கள் கழித்துவிட்ட, சில ஆண்டுகளே பயன்படுத்திய கணினிகள் விற்கப்படுவதுண்டு. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, 8 ஜிகாபைட் நினைவகம், எஸ்.எஸ்.டி., எழுத்தில் உத்தரவாதம் ஆகியவற்றைப் பார்த்து வாங்கினால் அவருக்குத் தாராளம். 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், பிறகு கூட்டிக் கொள்ளலாம் என்று 4 ஜிகாபைட்டோடு வாங்குவது புத்திசாலித்தனமல்ல. பேரன் விளையாடவும் காணொளி தொகுக்கவும் வேண்டும் என்றால் கணக்கே வேறு; பேரனையும் கடைக்கு அழைத்துப் போக வேண்டும்.

புதிய விண்டோஸ் 11 கணினிகளில் சேமிப்பகம் பல வேளைகளில் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடும். அதற்கான மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை மகன் தன் பெயரில் திறந்து, கடவுச்சொல்லையும் மறந்துவிட்டால், பின்னாளில் தந்தையின் கோப்புகளை யாராலும் திறக்க முடியாது. சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைப்பதில் வெட்கமில்லை.

பழைய பெட்டியை என்ன செய்வது? ஒலிபெருக்கியோடு வரும் பழைய பத்திரிகை வண்டியில் அப்படியே ஏற்றிவிடுவது பலரின் வழக்கம். அடையாள அட்டை நகலும் சேமநிதி அறிக்கையும் வன்தட்டோடு போய்விடும். கோப்புகளை அழித்தாலும், சாதாரணமாக ஃபார்மெட் செய்தாலும், தகவலை மீட்டெடுக்க முடியும். வன்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக் கொள்வதுதான் எளிய வழி. எஞ்சியது மின்னணுக் கழிவு. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகளின் கீழ் அது எஸ்.டபிள்யூ.110 என்ற அட்டவணைக் கழிவு. ஈயமும் மற்ற நச்சு உலோகங்களும் அதில் இருப்பதால், சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற சேகரிப்பு மையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் கொடுக்க மாட்டேன் என்றால்? கொடுக்க வேண்டாம். இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு அந்த மூலையிலேயே விட்டுவிடலாம். வங்கி வேலை புதியதில், கோயில் கடிதம் பழையதில். கை பழகிய விசைப்பலகையில் அவர் தட்டச்சு செய்து கொண்டிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மகன் வரும்போது, கோப்புகளை விரலியில் நகல் எடுத்துக் கொண்டு போனால் போதும்.