சிறிய லென்ஸ், நிதானமான தேர்வு

மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்களுள் பலர், அதனுடன் வந்த ஜூம் லென்ஸ் போதவில்லையென்று சில மாதங்களிலேயே உணர்கின்றனர். ஒளி குறைந்த அறையில் படம் தெளிவாக அமைவதில்லை. தானியங்கி ஃபோகஸ் கொண்ட நல்ல லென்ஸின் விலையோ தயங்க வைக்கிறது. அவ்வேளையில் கண்ணில் படுபவையே, கையால் ஃபோகஸ் செய்யும் சிறிய பிரைம் லென்ஸ்கள். டிடிஆர்ட்டிசான், செவன்ஆர்ட்டிசான்ஸ் முதலிய சீன நிறுவனங்கள் இவற்றைக் குறைந்த விலையில் தருகின்றன. விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்கிவிடலாகாது.

முதலில் நமக்கேற்ற குவியத் தூரத்தை அறிய வேண்டும். ஜூம் லென்ஸால் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் அது பதிவாகியிருக்கும். நமக்குப் பிடித்த நூறு படங்களைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். வீட்டுப் படங்களுக்கும் தெருக்காட்சிகளுக்கும், ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் பொதுவாகப் பொருந்தும். முழுச்சட்டக் கேமராவில் ஏறத்தாழ 50 மி.மீ. லென்ஸ் தரும் பார்வையையே அது தருகிறது.

பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸை அடாப்டர் மூலம் பொருத்தலாமே எனச் சிலர் கேட்பர். பொருத்தலாம், ஆனால் சிறியதாக இராது. நிக்கான் எஃப் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி அமரவேண்டியது. சோனி இ கேமராவில் அவ்விடைவெளி 18 மி.மீ. மட்டுமே. எஞ்சிய 28.5 மி.மீட்டரை அடாப்டர் நிரப்ப வேண்டும். பழைய லென்ஸை வாங்குவோர், டார்ச் ஒளியில் உள்ளே பூஞ்சை படர்ந்துள்ளதா எனப் பார்ப்பதும் அவசியம்.

அடுத்து, எஃப்/1.4 என்னும் எண்ணின் கவர்ச்சி. அது எஃப்/2-ஐக் காட்டிலும் இருமடங்கு ஒளியை ஏற்கும் என்பது உண்மையே. ஆயினும் தெளிவு நிலவும் ஆழம் மிகக் குறுகிவிடும். எம் இல்லத்துப் பாட்டியின் எண்பதாம் பிறந்த நாளில், அவர் முகத்தை எஃப்/1.4-இல் படமெடுத்தோம். காதுத் தோடு பளிச்சென்று பதிந்தது, கண்கள் மங்கிவிட்டன. அந்நாள் மீண்டும் வராது. எஃப்/4-இல் எடுத்திருந்தால், அச்சிறு பிழை இவ்வளவு தெரிந்திராது.

தெருவில் எஃப்/8 வைத்து, 35 மி.மீ. லென்ஸை மூன்று மீட்டருக்கு நிறுத்திவிட்டால், ஏபிஎஸ்-சி கேமராவில் ஏறத்தாழ 2.2 மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை தெளிவு கிட்டும். பிறகு வளையத்தைத் தொடவே வேண்டியதில்லை.

மின்தொடர்பு இல்லாத லென்ஸைக் கேமரா அறிந்துகொள்ளாது. ஆகவே லென்ஸின்றியும் ஷட்டர் இயங்கும் வசதியை மெனுவில் இயக்குக. கேமராவிலேயே அதிர்வுத் தடுப்பு இருந்தால், குவியத் தூரத்தையும் நாமே பதிய வேண்டும்.

ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுப்பதே நோக்கமெனில், இவ்வகை லென்ஸ் ஏமாற்றம் தரக்கூடும். வாங்குமுன் சோதனை ஒன்று செய்யலாம். உள்ள ஜூம் லென்ஸை 35 மி.மீட்டரில் நிறுத்தி, ஃபோகஸைக் கைம்முறைக்கு மாற்றி, இரு வாரம் பழகுங்கள். சலிப்புத் தட்டவில்லையெனில் தயங்காமல் வாங்கலாம். அதற்கும் கடன் வேண்டாம். சில மாதத் தொடர் வைப்பே போதும். அத்தொகை சேரும் காலத்திற்குள், விருப்பம் நிலையானதா என்பதும் விளங்கிவிடும்.