வாளியை எண்ணிவிட்டு வாங்குங்கள்

சேலையூரில் எங்கள் தெருமுனை வீட்டு அக்கா போன வாரம் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கையில் இஞ்சி டீயைக் கொடுத்துவிட்டு நேராக மாடிக் குளியலறைக்கு அழைத்துப் போனார். கழற்றிய கீசர் தரையில் கிடந்தது. பிளம்பர் அடிமூடியைத் திறந்து காயிலை வெளியே எடுத்து வைத்திருந்தார். காயில் என்று பேர்தான். கண்ணுக்குத் தெரிந்தது சுண்ணாம்புக் கட்டி. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார். முட்டை ஓடு மாதிரி சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. தொட்டிக்குள் கையை விட்டால் அடியில் இரண்டு பிடி வெள்ளைத் தூள்.

"தம்பி, ஆறு வருஷத்துல இது மூணாவது கீசர். லண்டன்ல இருக்கற தங்கச்சி பையன், பழைய பாய்லரை எடுத்துட்டு ஹீட் பம்ப் போட்டுட்டானாம். நீங்களும் போடுங்க பெரியம்மாங்கறான். கடைக்காரரும் அதையேதான் சொல்றார். விலையைக் கேட்டா தலை சுத்துது. அது என்னதாம்ப்பா, கொஞ்சம் புரியற மாதிரி சொல்லேன்."

குளிர்பதன வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். அக்காவிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று நம் பக்கத்தில் பல வீடுகளில் இப்போது இதே கேள்விதான் ஓடுகிறது.

முதலில் லண்டன் கதையைத் தனியாக வைத்துவிட வேண்டும். அங்கே பாய்லர் என்பது காஸில் எரியும் பெட்டி. குளிக்க மட்டுமில்லை, வீடு முழுக்கச் சூடேற்றுவதும் அதுதான். சூடான தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய்ச் சுவரோரத் தகடுகளைச் சூடாக்கும். காஸ் எரிவதைக் குறைக்க வேண்டும் என்று அந்த அரசாங்கம் 2022 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடுகிறவர்களுக்கு மானியம் கொடுக்கிறது. 2023 அக்டோபரில் அதை 7,500 பவுண்டாக உயர்த்தினார்கள். தாம்பரத்தில் வீட்டைச் சூடாக்கும் வேலை கிடையாது. நமக்கு வேண்டியது குளிக்கச் சூடான தண்ணீர், அவ்வளவுதான். அதனால் அந்தப் பையனின் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஆனால் இயந்திரம் ஒன்றே.

அது வேலை செய்யும் விதத்துக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். அக்கா வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்கிறது. மோட்டார் போட்டால் மேல்தொட்டி நிரம்புகிறது. அந்தத் தண்ணீரை மோட்டாரா உண்டாக்கியது? கீழே கிடந்ததை மேலே ஏற்றியது. கரண்ட் செலவானது ஏற்றுகிற கூலிக்குத்தான். ஹீட் பம்ப் செய்வதும் இதேதான், தண்ணீருக்குப் பதில் சூட்டை. வெளிக்காற்றில் கிடக்கிற சூட்டை இழுத்துத் தொட்டித் தண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கீசர் அப்படியில்லை. ஒரு யூனிட் கரண்டை வாங்கி ஒரு யூனிட் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. அதற்கு மேல் அதனால் முடியாது. ஹீட் பம்ப் ஒரு யூனிட் கூலிக்கு மூன்று யூனிட் சூட்டைச் சுமந்து வரும். நல்ல கருவி, நல்ல பருவம் என்றால் நான்கு.

"காத்துலே ஏதுப்பா சூடு? மார்கழியில நடுங்கறோமே!" என்றார் அக்கா.

நமக்குத்தான் அது குளிர். ஹீட் பம்புக்குள் சுற்றுகிற காஸுக்கு அது அடுப்பு. ஆர்134ஏ என்று ஒரு காஸ் உண்டு. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 20 டிகிரி இருக்கிறது. அந்தக் காற்றை மின்விசிறி உள்ளே இழுத்துவிட்டால் போதும், காஸ் கொதித்து ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரஸர் அதை அழுத்தும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதுபோல அழுத்தத்தில் அதன் வெப்பம் ஏறும். அந்தச் சுடுகாஸ் தொட்டியைச் சுற்றிய குழாய்க்குள் ஓடித் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிவிடும். உங்கள் ஃபிரிட்ஜ் இதைத்தான் தினமும் செய்கிறது. பின்பக்கம் கை வைத்தால் கதகதவென்று இருப்பது உள்ளே இருந்த காய்கறியின் சூடு. ஏசியின் வெளிப்பெட்டி தெருவில் ஊதுவது உங்கள் படுக்கையறையின் சூடு. அந்தச் சூட்டைத் தெருவில் ஊதாமல் வாளியில் பிடித்தால் அதுதான் ஹீட் பம்ப்.

யோசனை புதிதில்லை. கெல்வின் பிரபு 1852-லேயே இதை எழுதிவிட்டார். ஸ்விட்சர்லாந்தில் சூரிக் நகர மன்றக் கட்டடத்தை 1938-லேயே ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்துக் கதகதப்பாக்கினார்கள்.

கிணற்று உதாரணத்தை இன்னும் ஓர் எட்டு நீட்டலாம். தண்ணீர் பத்தடியில் கிடந்தால் மோட்டாருக்குச் சுலபம். நூறடியில் கிடந்தால் கரண்ட் எகிறும். குளிர்நாட்டில் வெளியே பூஜ்யம் டிகிரி, தொட்டியில் 50 வேண்டும். அது ஆழக் கிணறு. நம் ஊரில் வெளியே 28. இது கைக்கெட்டும் கிணறு. போதாததற்கு நம் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் குளிர்ந்த குழாயில் முத்து முத்தாகத் தண்ணீராகும்போது தன் சூட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும். அதனால் ஏசிக்குச் சொட்டுவதுபோல இதற்கும் தண்ணீர் சொட்டும்; வாளி வைத்துப் பிடித்தால் வீடு துடைக்க ஆகும். இந்த இயந்திரத்துக்குச் சென்னை மாதிரி ஊர் கிடைப்பது அபூர்வம் என்று நான் மனசாரச் சொல்வேன்.

ஆனால் அதே காரணத்தால்தான் நம்மில் பல பேருக்கு அது தேவைப்படுவதும் இல்லை. சித்திரை வெயிலில் மத்தியானம் மேல்தொட்டிக் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. குளிர்காலத்தில்கூடத் தண்ணீர் 25 டிகிரியில் வருகிறது; 40 ஆனால் குளிக்கலாம். ஏற வேண்டியது பதினைந்தே டிகிரி. 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு மூன்றில் ஒரு யூனிட் கரண்ட், கொஞ்சம் கூட. என் வீட்டில் மூன்று பேர், மூன்று வாளி. ஒரு நாளைக்கு ஒரு யூனிட், ஈ.பி. கணக்கெடுக்கிற இரண்டு மாதத்துக்கு அறுபது சொச்சம். ஹீட் பம்ப் போட்டால் நாற்பது யூனிட் மிஞ்சும். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 320 ரூபாய். அதற்காக லட்ச ரூபாயை ஒட்டிப் போகிற பொருளை வாங்கினால் என் மகனுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்தாலும் போட்ட காசு திரும்பாது. எனக்கு வேண்டாம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

அக்கா வீடு வேறு. மூன்று சகோதரர்களின் குடும்பம் ஒன்றாக இருக்கிறது. மாமியாரையும் நான்கு பிள்ளைகளையும் சேர்த்துப் பதினோரு பேர். மூன்று கீசர். பிள்ளைகள் வாளியில் குளிப்பதில்லை, ஷவர்தான். தலைக்கு 40 லிட்டர் என்று வைத்தோம். ஒரு நாளைக்கு ஏழரை யூனிட்டுக்கு மேல் வந்தது. யாரும் சுவிட்சை அணைப்பதில்லை என்பதால் மூன்று தொட்டியும் நாளெல்லாம் ஆறுவதும் சூடாவதுமாக இன்னும் ஒரு யூனிட்டுக்கு மேல் போகும். ஒன்பது என்று வைத்தால் ஒரு பில்லுக்கு 540 யூனிட். அதில் மூன்றில் இரண்டு பங்கு, 360 யூனிட், மிஞ்சும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் 500-ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். மிச்சமாவது எப்போதும் இந்த உச்சப்படி யூனிட்டுகள்தான். ஒன்பது ரூபாய் போட்டால் குளிர்காலப் பில்லில் 3,200 ரூபாய். வெயில் மாதங்களுக்குப் பாதிதான் பிடித்தோம். வருஷத்துக்கு 13,000 அளவில் நின்றது. ஏழெட்டு வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும். அக்கா நோட்டில் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

அதற்கு இயந்திரம் ஏழெட்டு வருஷம் உழைக்க வேண்டுமே! இங்கேதான் அந்த வெள்ளைத் தூள் குறுக்கே நிற்கிறது. நம் பக்கத்து போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு சூடு பட்டதும் கல்லாகப் படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் படிவது இன்னும் வேகமெடுக்கும். கீசர் காயில் தண்ணீருக்குள்ளேயே தகதகவென்று சுடுவதால் முதலில் அதன் மேல்தான் அப்புகிறது. ஹீட் பம்பில் பெரும்பாலும் குழாய் தொட்டியின் வெளிப்புறத்தைச் சுற்றியிருக்கும், சூடும் நிதானமானது. அதனால் படிவு குறையும், நிற்காது. தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கிறது. தொட்டியின் இரும்பு அரிபடாமல் தான் அரிபட்டுக் கரைவதற்காக வைத்தது. அது கரைந்து தீர்ந்த பிறகு தொட்டியின் முறை. வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அக்கா வீட்டு மூன்று கீசரிலும் அந்தத் தண்டை ஒருவரும் மாற்றியதில்லை. பிளம்பர் எடுத்துக் காட்டியபோது உள்ளே இருந்தது வெறும் கம்பி.

சூட்டை 50 டிகிரியில் வைத்தால் போதும். ஆனால் பெரிய தொட்டியில் இளஞ்சூட்டில் நாள்கணக்காகத் தண்ணீர் தேங்கினால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரக்கூடும், நுரையீரலைத் தாக்குவது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு மேல் ஏற்றி இறக்குங்கள். பல கருவிகளில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு.

வைக்கிற இடத்தைப் பற்றிப் பேசும்போது அக்கா போர்ட்டிகோவைக் காட்டினார். வேண்டவே வேண்டாம் என்றேன். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்றது. கம்ப்ரஸரையும் எலக்ட்ரானிக் பலகையையும் தரையில் வைக்கிற ஊர் இல்லை இது. மொட்டை மாடிதான் சரி, அதுவும் தூண் இருக்கிற இடத்துக்கு மேல். 300 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 300 கிலோ. காற்று தாராளமாக வந்து போக வேண்டும். மூடிய அறையில் வைத்தால் தான் ஊதிய குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். ஏசி வெளிப்பெட்டி அளவுக்குச் சத்தம் இருக்கும், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள். ஈ.சி.ஆர். பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்குத் தாங்குகிற பூச்சு உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். கீழே இறங்குகிற குழாய் வெந்நீருக்கான சி.பி.வி.சி.யாக இருக்கட்டும், மேலே பஞ்சு உறை சுற்றட்டும். இல்லாவிட்டால் சேமித்த சூடெல்லாம் வழியிலேயே போய்விடும்.

"சோலார் ஹீட்டர் இதைவிட மலிவாச்சே?" என்றார் அக்காவின் மூத்த கொழுந்தனார். நியாயமான கேள்வி. வெயில் இருந்தால் கரண்டே வேண்டாம். ஆனால் நமக்கு வெந்நீர் வேண்டியது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். வெயில் இல்லாததும் அப்போதுதான். ஹீட் பம்ப் மழையிலும் ஓடும். மாடியில் சோலார் கரண்ட் தகடு போட்டிருக்கிறவர்கள் ஹீட் பம்பை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் ஓடவிடலாம். காற்றும் அப்போது சூடு, கரண்டும் சொந்தக் கரண்ட். நல்ல உறை போட்ட தொட்டி அந்தச் சூட்டை மறுநாள் காலை வரை காப்பாற்றும்.

பேசி முடித்து எழுந்தபோது அக்காவின் மாமியார் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். படிக்கட்டுக்கு அடியில் அவருடைய கல்யாணச் சீராக வந்த செப்புப் பாய்லர். நடுவில் கரி போடுகிற குழல், சுற்றிலும் தண்ணீர், தலையில் ஒரு புனல். கொட்டாங்கச்சியும் கரியும் போட்டுப் பற்றவைத்தால் வீடே குளிக்கலாம். புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். ஊற்றினது அடியில் இறங்கும், கொதித்தது மேலே ஏறி வெளியே வரும். இன்றைய ஹீட் பம்புத் தொட்டியும் அடியில் பச்சைத்தண்ணீரை வாங்கி மேலே வெந்நீரைத் தருகிறது. அதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். "இதை எடைக்குப் போட்டுடாதீங்கடா" என்றார். போட மாட்டார்கள்.

அக்கா மாடிக்கு ஹீட் பம்ப் வாங்குகிறார். கீழே மாமியாரின் குளியலறைக்குச் சின்னக் கீசரே போதும் என்று முடிவாயிற்று. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருந்தால், கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் காலையும் மாலையும் எத்தனை வாளி வெந்நீர் போகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஷவர் என்றால் ஒருமுறை அடியில் வாளியை வைத்து அளந்துகொள்ளுங்கள். ஈ.பி. அட்டையில் போன மார்கழிக் கணக்கையும் பாருங்கள். நாளுக்குப் பத்து வாளிக்குக் கீழே நின்றால், இருக்கிற கீசரைத் திறந்து உப்பைச் சுரண்டி, மெக்னீசியத் தண்டை மாற்றி, சூட்டை 50-இல் வைத்து, குளித்ததும் சுவிட்சை அணையுங்கள். இருபதைத் தாண்டினால் ஹீட் பம்புக்கு விலை கேளுங்கள்.