480 நிமிடங்களின் நாள்

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் ஒரு வேலைக்கு 5 நாள் என்று காலம் கொடுக்கிறோம். திங்கள் தொடங்கி வெள்ளி முடிய வேண்டிய வேலை, வியாழன் மாலையே முடிவதாகக் காட்டுகிறது. மென்பொருளைத் திட்டத் தோன்றும்.

அதன் கணக்கெல்லாம் நிமிடத்தில்தான். நாம் 'ஒரு நாள்' என்று அடித்தால் 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம் என்று எழுதிக்கொள்ளும். இந்த 8 அமைப்புகள் பக்கத்தில் இருக்கிறது. வேலை நேரமோ காலண்டரில் இருக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. சைட் நேரம் காலை 8 முதல் இரவு 7 வரை, நடுவில் ஒரு மணி சாப்பாடு என்று காலண்டரை மட்டும் திருத்தினால், 5 நாள் என்பது 40 மணி நேரமாகவே நிற்கும். தினம் 10 மணி வீதம் அது நாலே நாளில் தீர்ந்துவிடும்.

காலண்டரும் ஒன்றல்ல. திட்டத்துக்கு ஒன்று, ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று, தேவைப்பட்டால் வேலைக்கும் தனியாக ஒன்று. ஆள் போடாதவரை வேலை திட்டத்தின் காலண்டரில் ஓடும். ஆளைப் போட்டதும் அவருடைய காலண்டருக்குத் தாவும். தேதி திடீரென்று நகர்வது பெரும்பாலும் இதனால்தான். உதாரணத்துக்கு, ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களின் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியது; வெள்ளி அரை நாள். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பில் திட்டத்துக்கு மட்டும் வேறு காலண்டரை மாற்றிக் கொடுத்தால், முன்பே சேர்த்த ஆட்கள் பழைய காலண்டரில் ஞாயிறும் வேலைக்கு வந்துகொண்டிருப்பார்கள், கணினிக்குள்.

வேலைக்குத் தனிக் காலண்டர் கொடுத்தால், அதுவும் ஆளின் காலண்டரும் ஒத்துப்போகும் நேரத்தில் மட்டுமே வேலை நடக்கும். இரவில் போடும் சாலைக்குப் பகல் ஷிஃப்ட் ஆளைப் போட்டால் பொது நேரமே இல்லை, எச்சரிக்கை வரும். ஆள் காலண்டரைப் புறக்கணிக்கச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அதை டிக் செய்து தப்பிக்கிறவர்கள் அதிகம். அப்புறம் அந்த ஆள் லீவு போட்டாலும் திட்டத்துக்குத் தெரியாது.

கான்கிரீட் க்யூரிங் வேறு கதை. ஞாயிறு விடுமுறை கான்கிரீட்டுக்குக் கிடையாது. அங்கே இரவும் விடுமுறையும் சேர்த்து எண்ணும் தொடர் நாளாகக் காலத்தைக் கொடுக்க வேண்டும்.

இந்தக் குளறுபடிகளில் பலவற்றைப் பிடிக்க ஒரு சின்ன வழி: தேதியோடு மணியும் தெரியும்படி வைத்துக்கொள்வது. தினம் 8 மணி நேரக் காலண்டர் காலை 7 மணிக்குத் தொடங்க, அமைப்பில் தொடக்க நேரம் 8 என்றே இருந்தால், ஒரு நாள் வேலை மறுநாள் காலை 8 மணிக்கு முடியும். தேதியை மட்டும் பார்த்தால் இரண்டு நாள் வேலை மாதிரி இருக்கும்.