சருகை எரிக்காதீர்கள், மரத்தடியில் பரப்புங்கள்

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலையுதிர்க்கும். பெருக்கிய சருகை மரத்தடியிலேயே குவித்துத் தீ வைப்பது நம் ஊர்களில் பழகிப்போன காட்சி. குப்பை ஒழிந்தது என்று கடந்துபோகிறோம். ஆனால் அந்தச் சூட்டில் பட்டைக்கு அடியில் உள்ள உயிர்த்திசு வெந்துபோகிறது. பிறகு பட்டை வெடித்து உரியும். அந்தப் புண் வழியே பூஞ்சை நுழையும். உள்ளே உளுத்த மரம் புயலுக்குத் தாங்காது.

எரிப்பது சட்டப்படியும் தவறு. தூய்மைப் பணியாளர்கள் சருகை எரிக்காமல் தனியே சேர்த்து ஒப்படைப்பதை உள்ளாட்சி அமைப்பு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரிப்பவர் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. இதற்காகப் பணியாளரைத் திட்டிப் பயனில்லை. சாக்கும் தராமல், கொட்ட இடமும் காட்டாமல் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்? பொறுப்பு நிர்வாகத்துடையது.

சருகுக்குச் சரியான இடம் மரத்தடிதான். விவசாயிகள் இதை மூடாக்கு என்பார்கள். ஓராண்டு கிடந்த சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே மொறுமொறுவென்று காய்ந்த இலை, அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் கீழே கருத்த ஈரமண், வெள்ளைப் பூஞ்சை இழைகள், மண்புழு எச்சம். நீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன. கத்திரி வெயிலில் அந்த மண் சுடாமலும், ஐப்பசி மழையில் அரித்துப் போகாமலும் காப்பது இந்தப் போர்வை.

போடும் விதத்தில் கவனம் வேண்டும். மூன்று அங்குல உயரம் போதும். கிளை விரிந்த அளவுக்குப் பரப்பலாம். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்டைச் சுற்றி மேடு கட்டினால் பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும், கறையானுக்கும் வழி கிடைக்கும். பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். தென்னை நார்க்கழிவு என்றால் மக்கவைத்த பிறகே போடுங்கள். பூச்சி பொட்டு வரும் என்று அஞ்சுபவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாமல், குவியலாக விடாமல் இருந்தால் போதும்.

மூடாக்குப் போட மண் இருக்க வேண்டுமே! பல தெருக்களில் அடிமரம் வரை சிமென்ட் பூசியிருக்கிறார்கள். மழைநீர் வேருக்கு இறங்க வழியே இல்லை. டில்லி மரங்கள் குறித்த வழக்கில் 2013-இல் அதே தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. உங்கள் தெருவில் நடைபாதை வேலை தொடங்கும்போதே இதைச் சுட்டிக்காட்டி மனுக் கொடுங்கள். பூசிய பின் உடைக்கப் போனால் வேர் அடிபடும்.

எரிப்பதையோ சிமென்ட் பூசுவதையோ கண்டால் தேதி, இடத்துடன் படம் எடுத்து வையுங்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். மற்ற ஊர்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த ஒப்புகையோடு போங்கள்.