தானியங்கிக் கோப்பி இயந்திரமும் வாவிக்கரைத் தண்ணீரும்

பொத்தானை அழுத்தினால் கொட்டையை அரைத்து, தூளை அமுக்கி, வெந்நீரைப் பாய்ச்சி, சக்கையையும் தானே தள்ளிவிடும் எஸ்பிரசோ இயந்திரத்தை 1985இல் வீட்டுக்குள் கொண்டுவந்தது இத்தாலியின் சயெக்கோ நிறுவனம். இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. சுவிசிலோ கனடாவிலோ இருக்கும் உறவுக்காரர் "எது வேணும்?" என்று கேட்டால், திரையின் அழகைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். கனடாவில் வாங்கியது என்றால் வேண்டவே வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது; இங்கே 230.

பெட்டியில் அச்சடித்திருக்கும் 15 பார், 19 பார் கணக்கையும் விட்டுவிடலாம். எஸ்பிரசோவுக்கு ஏறக்குறைய 9 பார் அழுத்தமும் 90 பாகையைச் சற்றுத் தாண்டிய சூடும் போதும்.

மட்டக்களப்பில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. எழுவான்கரை மணலில் கிணறுகள் ஆழமில்லாதவை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கோடையில் தண்ணீர் உவர்ப்பேறும். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு இயந்திரத்தின் ஒடுங்கிய குழாய்களிலும் பிடிக்கும். தாங்கிக்குள் வைக்கும் வடிகட்டி சுண்ணாம்பைக் குறைக்குமே தவிர உப்பை அகற்றாது. உப்போ உலோகத்தை அரிக்கும். உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் வரும் வீடென்றால் அதையே ஊற்றுங்கள்.

அடுத்தது புழுக்கம். தூளை அமுக்கி வடிக்கும் பாகத்தை யூரா இயந்திரங்களில் நாம் கழற்ற முடியாது. மாத்திரை போட்டுத்தான் கழுவ வேண்டும். பிலிப்ஸ், சயெக்கோ, டெலோங்கி இயந்திரங்களில் அதை வெளியே எடுத்துக் குழாயடியில் அலசலாம். ஈரச் சக்கை சில நாள் கிடந்தாலே பூஞ்சணம் பிடிக்கும் ஊரில், கண்ணால் பார்த்துக் கழுவக்கூடியதே என் தெரிவு. யூராவின் ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். பால் நுரைக்கும் பகுதியிலும் நீண்ட குழாய் இல்லாததாகப் பாருங்கள். குழாயில் தங்கும் பால் நம் வெக்கைக்கு விரைவில் புளித்துவிடும்.

மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த எங்கள் கோப்பித்தூளை இதில் போட நினைக்க வேண்டாம், நுண்தூள் சல்லடையை அடைத்துவிடும். அளவுக்கு மீறி வறுத்து எண்ணெய் கசியும் கொட்டையும் அரவைப் பகுதியில் ஒட்டும்.

இங்கேயே வாங்குவதென்றால், காசைக் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இரண்டைக் கேளுங்கள்: அந்த வடிப்புப் பாகத்தை உங்கள் கண்முன் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பழுதானால் மட்டக்களப்பிலேயே திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று விசாரியுங்கள்.