வாணிகம் பயிற்றும் கழகம்



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. நான் வணிகவியல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் கூறிய அன்று, என் தந்தையாரிடமிருந்து முதலில் வந்த மறுமொழி இப்பழமொழிதான். அவர் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை நடத்தியவர். கொள்முதல் கணக்கை மனத்திலும், வாடிக்கையாளரின் கடன் பற்றைச் சுவரில் கரிக்கோடாகவும் எழுதிப் பழகியவர். "கடைத்தொழிலைக் கடையில் உட்கார்ந்துதானே கற்றுக்கொள்ள வேண்டும்? அதைக் கல்லூரிக்குப் போய் எப்படியப்பா படிப்பாய்?" என்று அவர் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. அதே கேள்வியை, உலகப் புகழ் பெற்ற ஒரு பல்கலைக்கழகமும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அக்கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் 1636-ஆம் ஆண்டில் தோன்றியது ஹார்வர்டு கல்லூரி. சமயம், சட்டம், மருத்துவம் ஆகிய கற்றோர் தொழில்கள் அங்கே காலப்போக்கில் தனித்தனிப் பள்ளிகளாக வளர்ந்தன. ஆனால், வாணிகத்துக்கு அங்கே நெடுங்காலம் இடமிருக்கவில்லை. வேறு இடங்களில் முயற்சிகள் நடந்திருந்தன. பாரிஸ் நகரில் 1819-இலேயே ஒரு வாணிகப் பள்ளி ஏற்பட்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881-இல் வார்ட்டன் பள்ளியும், டார்ட்மத் கல்லூரியில் 1900-இல் டக் பள்ளியும் தோன்றின. ஹார்வர்டு 1908-இல்தான் இத்துறையில் அடியெடுத்து வைத்தது. அதுவும் தயக்கத்துடன், ஐந்தாண்டுக் காலச் சோதனை முயற்சியாகவே அப்பள்ளி தொடங்கப்பட்டது.

அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் எட்வின் கே என்பவர். அவர் வணிகர் அல்லர், பொருளாதார வரலாற்றாசிரியர், ஜெர்மனியில் பயின்று, பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வாணிகத்தின் நோக்கம் கண்ணியமான ஆதாயத்தைக் கண்ணியமான முறையில் ஈட்டுவதே என்பது அவர் கொள்கை. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்க்கே அங்கே இடம் என்று விதித்தார்கள். இரண்டாண்டுப் படிப்பின் முடிவில், வாணிக நிருவாகத்தில் முதுகலைப் பட்டம் வழங்கினார்கள். இன்று உலகெங்கும் எம்.பி.ஏ. என்று வழங்கும் பட்டம் அங்கே பிறந்ததுதான்.

பள்ளியைத் திறந்தாயிற்று, எதைக் கற்பிப்பது? கணக்கியல் உண்டு, ஒப்பந்தச் சட்டம் உண்டு, நாட்டின் பொருள்வளம் பற்றிய பாடம் உண்டு. ஆனால், ஒரு கடை எங்ஙனம் நடக்கிறது என்பதைப் பற்றி எவரும் நூல் எழுதி வைத்திருக்கவில்லை. ஆகவே, 1911-இல் வாணிக ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அப்பள்ளியினர் நிறுவினர். அந்நிலையம் முதன்முதலாக ஆராய எடுத்துக்கொண்டது பெரிய இரும்பாலையையோ, இரயில்வேயையோ அன்று. சாதாரணச் செருப்புக் கடையை!

கடை கடையாகச் சென்று கணக்கைப் பார்த்தபோது, ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. ஒரு கடைக்காரர் 'ஆதாயம்' என்று சொன்னதை மற்றொருவர் அப்பெயரால் குறிக்கவில்லை. ஒருவர் தம் சொந்தக் கட்டடத்துக்கு வாடகையைச் செலவில் சேர்த்தார், மற்றவர் சேர்க்கவில்லை. ஒருவர் தம் உழைப்புக்கு ஊதியம் கணக்கிட்டார். மற்றவர் கல்லாப் பெட்டியிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார். அளவுகோல் ஆளுக்கு ஒன்றாக இருக்கும்போது, எந்தக் கடை நன்றாக நடக்கிறதென்று ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா? எனவே, செருப்பு வணிகர் அனைவரும் ஒரே மாதிரி கணக்கு எழுதுவதற்கான முறை ஒன்றை அந்நிலையம் வகுத்துக் கொடுத்தது. கடையிலுள்ள சரக்கு ஆண்டுக்கு எத்தனை முறை விற்று மீண்டும் வாங்கப்படுகிறது என்பது போன்ற கேள்விகள் அதனால் எண்ணிப் பார்க்கக் கூடியவை ஆயின.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் தந்தையாரின் கடை நினைவுக்கு வந்தது. அவரும் தம் உழைப்புக்கு ஊதியம் கணக்கிட்டதில்லை. எங்கள் வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து வந்த அரிசியையும் பருப்பையும் செலவாக எழுதியதில்லை. 'கடை நன்றாக நடக்கிறது' என்று ஆண்டுதோறும் நம்பினார். நடக்கவில்லை என்பது, கடையைப் பூட்ட நேர்ந்த அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

இனி, அப்பள்ளிக்குப் பெரும்புகழ் தேடித் தந்த கற்பிக்கும் முறையைக் காண்போம். 1919-இல் இரண்டாவது தலைவராக வந்த வாலஸ் டோனம் ஹார்வர்டின் சட்டப் பள்ளியில் பயின்றவர். பழைய வழக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வினாவ மாணவர் விடையிறுத்துச் சட்டத்தைக் கற்கும் முறை அங்கே நிலைபெற்றிருந்தது. வாணிகத்துக்கும் இம்முறை ஏன் பொருந்தாது என்று அவர் எண்ணினார். அதற்கு முன்பே, வணிகர்களைப் பள்ளிக்கு வரவழைத்து, தங்கள் தொழிலில் அப்போது எதிர்ப்பட்டுள்ள சிக்கலை மாணவர் முன் வைக்கச் செய்யும் வகுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. டோனம் அதனை முழுமையான முறையாக்கினார். 1920-இல் மெல்வின் கோப்லண்டு என்னும் பேராசிரியர் விற்பனைச் சிக்கல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1921-இல் ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றிய ஒரு பக்கச் சிக்கல் எழுதப்பட்டது. இன்று ஆயிரக்கணக்கில் பெருகியுள்ள நிகழ்ச்சி ஆய்வுகளுக்கு இவை முன்னோடிகள்.

இம்முறையில் ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை. ஒரு நிறுவனத்தின் உண்மையான நிலைமை சில பக்கங்களில் எழுதி மாணவர்க்கு முன்னதாகவே தரப்படும். கணக்கு விவரங்கள் இருக்கும்; ஊழியரின் மனநிலை இருக்கும்; போட்டியாளரின் செயல் இருக்கும். ஆனால், விடை மட்டும் இராது. 'நீ அந்த மேலாளராக இருந்தால் நாளைக் காலையில் என்ன செய்வாய்?' என்பதே கேள்வி. ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் மறுக்க, மூன்றாமவர் இருவரும் காணாத ஒன்றைச் சுட்ட, வகுப்பு முன்னேறும். மணி அடிக்கும்போது ஆசிரியர் தீர்ப்புக் கூறமாட்டார்.

இம்முறையை நானும் ஒருமுறை என் வகுப்பில் முயன்று பார்த்தேன். சிற்றூர் மளிகைக் கடை ஒன்றின் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். அருகிலிருந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. தொழிலாளர் குடும்பங்கள் கடனுக்குச் சரக்குக் கேட்கின்றன. மொத்த வியாபாரியோ கடைக்காரரை நெருக்குகிறார். என்ன செய்யலாம்? அது யாருடைய கடை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர், "கடனை உடனே நிறுத்த வேண்டும் ஐயா" என்றனர். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "நிறுத்தினால், ஆலை திறந்த பிறகு அவர்கள் இந்தக் கடைக்கு வருவார்களா ஐயா? ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து, அதை ஏட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாமே?" என்றாள். வரம்பு! அந்த ஒரு சொல் என் தந்தையாரின் மனத்தில் என்றுமே எழுந்ததில்லை. இரக்கத்தைக் கைவிடாமலே கணக்கையும் காத்திருக்கலாம் என்பதை இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் எனக்குக் கற்பித்தாள். ஆனால், அவள் வழி அக்கடையைக் காப்பாற்றியிருக்குமா என்பது எனக்கு இன்றளவும் தெரியாது. விடையில்லாத கேள்வியோடு வாழப் பழகுவதும் இக்கல்வியின் ஒரு பகுதி போலும்!

ஹார்வர்டுக்குத் திரும்புவோம். 1924-இல் ஜார்ஜ் பேக்கர் என்னும் வங்கியாளர் 50 இலட்சம் டாலர் நன்கொடை வழங்கினார். சார்லஸ் ஆற்றின் மறுகரையில், பாஸ்டன் பகுதியில் எழுந்த புதிய கட்டடங்கள் 1927-இல் திறந்து வைக்கப்பட்டன. ஆராய்ச்சியும் வளர்ந்தது. சிகாகோவுக்கு அருகிலிருந்த ஹாதார்ன் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில், விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி பெருகுமா என்று 1924-இல் சோதனை தொடங்கியிருந்தது. பின்னர் இப்பள்ளியின் எல்ட்டன் மேயோவும், ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கரும் அதில் ஈடுபட்டனர். வெளிச்சம், ஓய்வு நேரம் ஆகியவற்றைவிட, தம்மைக் கவனிக்கிறார்கள், தம் சொல்லைக் கேட்கிறார்கள் என்னும் உணர்வும், உடன் உழைப்போரின் உறவும் தொழிலாளரின் உழைப்பைப் பாதிக்கின்றன என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அச்சோதனைகளின் முறையில் குறை கண்டவர்கள் பின்னாளில் உண்டு. ஆயினும், தொழிலாளி இயந்திரத்தின் உறுப்பு அல்லன் என்ற எண்ணம் நிருவாகக் கல்வியில் வேரூன்ற அவை துணை செய்தன.

வகுப்பறையின் கரும்பலகையே ஒரு கண்டுபிடிப்புக்கு வித்திட்டதும் உண்டு. 1978-இல் டான் பிரிக்லின் என்ற மாணவர் அங்கே பயின்றுகொண்டிருந்தார். கட்டம் கட்டமாக எழுதிய கணக்கில் ஓர் எண் மாறினால், அதனைச் சார்ந்த எண்களை எல்லாம் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டார். ஒன்றை மாற்றினால் மற்றவை தாமே மாறும் மின்னணுப் பலகை ஒன்று இருந்தால் எப்படி என்று கற்பனை செய்தார். நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'விசிகால்க்' 1979-இல் வெளிவந்தது. இன்று அலுவலகந்தோறும் கணினியில் விரியும் கணக்குத் தாளின் முன்னோடி அதுவே.

நம் நாட்டுக்கும் இப்பள்ளிக்கும் உள்ள தொடர்பு குறிப்பிடத்தக்கது. விக்ரம் சாராபாய் முதலியோரின் முயற்சியால் 1961-இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றியபோது, ஹார்வர்டு வாணிகப் பள்ளி அதற்குத் துணை நின்றது. நிகழ்ச்சி ஆய்வு முறையும் அங்கே வேரூன்றியது. கோயம்புத்தூரில் 1941-இல் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற சி. கே. பிரகலாத், அகமதாபாத்தில் படித்து, 1975-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஏழை மக்களையும் மதிப்புக்குரிய வாடிக்கையாளராகவும் தொழில் முனைவோராகவும் வாணிக உலகம் காண வேண்டும் என்று 2004-இல் வெளியிட்ட நூலில் அவர் வாதாடினார். 2010-இல் நிதின் நோரியாவும், 2021-இல் ஸ்ரீகாந்த் தாத்தாரும் அப்பள்ளியின் தலைமையை ஏற்றனர். இருவரும் இந்தியாவில் பிறந்தவர்களே.

புகழை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. என் வகுப்பில் அந்த மாணவி பேசினாள் என்றேன். அவளைப் போன்ற ஒருத்திக்கு ஹார்வர்டு வகுப்பறையில் நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. 1937-இல் ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் பெண்களுக்கென ஓராண்டுப் பயிற்சி தொடங்கியது. எனினும், இரண்டாண்டுப் படிப்பின் முதலாண்டிலேயே பெண்கள் சேர்ந்தது 1963-இல்தான். அவ்வாண்டு சேர்ந்தோர் எண்மர். பெண்களைப் பள்ளி நடத்திய விதத்துக்காக அதன் தலைவர் நோரியா 2014-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. 1939-இல் அங்கே பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே கற்பித்த இராபர்ட் மக்னமாரா, எண்களைக் கொண்டு ஆராய்வதில் வல்லவர். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக 1961 முதல் 1968 வரை இருந்தபோது, வியட்நாம் போரையும் எண்களால் அளக்க முயன்றார். எண்ண முடியாதவை எத்தனையோ உண்டு என்பதற்கு அப்போரே சான்றாயிற்று. 2001-இல் பொய்க் கணக்கினால் வீழ்ந்த என்ரான் நிறுவனத்தின் தலைமை நிருவாகியாக அவ்வாண்டில் இருந்து விலகிய ஜெஃப்ரி ஸ்கில்லிங்கும் 1979-இல் அதே பள்ளியில் பட்டம் பெற்றவர்தான். கண்ணியமான ஆதாயம் என்ற எட்வின் கேயின் கொள்கை எங்கே, இச்செயல் எங்கே! கணக்கைக் கற்பித்தால் போதாது. கணக்கில் எதை மறைக்கக் கூடாது என்பதையும் கற்பிக்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. 2009-இல் பட்டம் பெற்ற மாணவர் பலர், நேர்மையுடன் தொழில் நடத்துவோம் என்று தாமே உறுதிமொழி வகுத்து ஏற்றனர். உறுதிமொழி ஒரு தொடக்கமே. அது மெய்யா என்பதை அவரவர் பேரேடே சொல்லும்.

நண்பர்களே! கடைத்தொழிலைக் கல்லூரியில் கற்க முடியுமா என்ற என் தந்தையாரின் கேள்விக்கு இன்று நான் என்ன விடை சொல்வேன்? சரக்கின் தரத்தைக் கையால் தொட்டு அறிவதையும், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து மனத்தை அறிவதையும் கடைதான் கற்றுக்கொடுக்கும். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால், ஒரு கடைக்காரர் தம் வாழ்நாளில் ஒரு கடையின் தவற்றை மட்டுமே காண முடியும். அதையும் பெரும்பாலும் காலம் கடந்த பிறகே காண்பார். நூறு கடைகளின் தவறுகளைப் பொருள் இழக்காமலே முன்கூட்டிக் காண்பதற்கு வழி செய்வது கல்வி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. எனினும், எந்த மண்ணில் விதைத்தால் கொடி படரும் என்பதை ஏடு நமக்குச் சொல்லக்கூடும்.

என் தந்தையாரின் கடையில் ஏடு ஒன்று இருந்திருக்கலாம் என்று இன்றும் நான் எண்ணுவதுண்டு. உங்களில் பலருடைய பெற்றோரும் கடையோ, தறியோ, பட்டறையோ நடத்துபவராயிருக்கலாம். இன்று மாலை அவர்கள் அருகில் அமர்ந்து, ஒரு மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்த பலவற்றை நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றிரண்டை நீங்களும் கற்பிக்கக் கூடும்.