சுவையறிவும் ஒரு தொழில்தான்



வைன் என்றதும் முகம் சுழிக்க வேண்டாம். குடியால் குலைந்த வீட்டில் வளர்ந்தவள் நான். சிறு வயதில், அப்பாவின் போத்தல் மணம் வந்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வேன். யுத்தம் என்னைப் பாரிஸில் கொண்டுவந்து விட்டது. கிடைத்த முதல் வேலை, ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவுவது. அங்கும் அதே மணம்.

ஐந்தாம் வருடம், சீஸ் தட்டு அடுக்கிய பெண் வேலையை விட்டுப் போனார். முதலாளி அந்த இடத்தை எனக்குத் தந்தார். சம்பளம் கூட. ஆனால் எந்தச் சீஸுக்கு எந்த வைன் பொருந்தும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

"நான் குடிப்பதில்லை" என்றேன்.

"குடிக்கத் தேவையில்லை. மணந்து பாருங்கள், வாயில் வைத்துத் துப்பிவிடுங்கள். இந்தத் தொழில் செய்பவர்கள் அப்படித்தான்" என்றார்.

முதலில் கற்றது ஊர்ப் பொருத்தம். ஷவிஞோல் கிராமத்து வெள்ளாட்டுப்பால் சீஸுக்கு, அதே பகுதியில் விளையும் சான்செர் வெள்ளை வைன். அதன் புளிப்பு சீஸின் கொழுப்பை வெட்டும். கொழுத்த மீனுக்கு நாம் புளி விடுவதில்லையா, அதுபோல.

இரண்டாவது, எதிர்ச் சுவை. ரொக்போர் ஊரின் குகைகளில் நீலப் பூஞ்சணத்தோடு முதிரும் செம்மறிப்பால் சீஸ் உப்புக் கரிக்கும். அதற்கு சொத்தேர்ன் என்ற இனிப்பு வைன். அதுவும் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய திராட்சையில் செய்வதுதான்.

மூன்றாவது, முதிர்ச்சிக்கு முதிர்ச்சி. ஜூரா மலைப்பகுதியின் கொந்தே சீஸ் குறைந்தது 4 மாதம் முதிர வேண்டும். அதற்குத் துணையான அவ்வூர் மஞ்சள் வைன் 6 வருடத்துக்கு மேல் பீப்பாவில் கிடக்கும்.

சிவப்பு வைன் எல்லாச் சீஸுக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சிவப்பு வைனில் துவர்ப்பு உண்டு. வெறுந்தேநீரின் துவர்ப்பைப் பால் தணிப்பதுபோல், கெட்டியான சீஸ் அதைத் தணிக்கும். நீலப் பூஞ்சணச் சீஸோடு சேர்ந்தால் அதே துவர்ப்பு கசந்து நிற்கும்.

இன்று வாடிக்கையாளர் கேட்டால் தயங்காமல் சொல்கிறேன். ஒரு மிடறும் விழுங்கியதில்லை. அப்பாவின் போத்தல் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்த மணத்துக்கு இப்போது நான் ஒளிவதில்லை.

சகோதரிகளே, எந்தக் குழம்புக்கு எவ்வளவு புளி என்று உங்கள் நாக்குக்குத் தெரியும். அதைப் படிப்பில்லாதவளின் அறிவென்று ஒதுக்காதீர்கள். எனக்குச் சோறு போடுவது அதுதான்.